பட்டம் ஒன்று, பயணம் வேறு: பல தலைமுறைப் பட்டதாரிகளை ஒப்பிடுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் சென்னை வீடுகளில் இரண்டு பேச்சுகள் ஒருசேரக் கிளம்புகின்றன. "அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தவருக்கு வேலை வீடு தேடி வந்தது, இப்போது பி.இ. முடித்தவர் வேலை தேடி அலைகிறார், பட்டத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது" என்பது ஒன்று. "நம் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்குமா? அம்மா வழித் தாத்தா பட்டம் வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் வருமா?" என்பது மற்றொன்று (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை பெற்றுத்தரும் சான்று அது). முன்னது பட்டத்தின் மதிப்பைப் பற்றியது, பின்னது கட்டணச் சலுகையைப் பற்றியது என்று தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: ஒரு குடும்பத்துக்குள் பட்டம் எப்போது நுழைந்தது, நுழைந்தபின் அது அங்கே எதை மாற்றியது?

இதை விளக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளின் காலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு பட்டதாரியின் சாதனையை அவர் எட்டிய பதவியை மட்டும் வைத்து அளந்தால் கணக்குத் தவறிவிடும். அவர் புறப்பட்ட இடத்திலிருந்து கடந்த தூரமும், அவர் காலத்தில் கல்லூரி வாசல் எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது என்பதும் சேர்ந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

ஒப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

1. வாசலின் அகலம். ஒரு வயதுப் பிரிவினரில் எத்தனை பேர் உயர்கல்விக்குள் நுழைய முடிந்தது என்பதே இது. இதை அளக்க அரசு பயன்படுத்துவது மொத்தச் சேர்க்கை விகிதம். அதாவது உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் எண்ணிக்கை, 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு.

2. வெளியே காத்திருந்த வேலை. பட்டத்தோடு வெளியே வந்தவரை யார் வேலைக்கு எடுத்தார்கள், எத்தனை இடங்கள் இருந்தன, அவை நிரந்தரமானவையா என்பது.

3. செலவும் வரவும். படிப்பின் செலவை யார் சுமந்தார்கள், அதனால் வந்த வருமானம் யாருக்குப் போனது என்பது. மூன்றில் குறைவாகப் பேசப்படுவது இதுதான். ஆனால் திருமணம், வீடு, ஓய்வு போன்ற வாழ்க்கைக் கட்டங்கள் எந்த வயதில் வருகின்றன என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் இதுவே.

முதல் தலைமுறை: ஒடுங்கிய வாசல், உறுதியான வேலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தின் வழியாக உருவானது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்த அது, தொடக்கத்தில் வகுப்பு எடுக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. பாடம் நடந்தது மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி போன்ற இணைப்புக் கல்லூரிகளில். முதல் பட்டதாரிகளாக வெளிவந்தவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் அவரிடம் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும். ஆசிரியரும் மாணவரும் ஒருசேரப் பட்டம் பெற்றார்கள் என்பதே அந்தக் காலத்தில் பட்டம் எவ்வளவு புதியது என்பதைச் சொல்லிவிடுகிறது. தாமோதரம்பிள்ளையின் உத்தியோக வாழ்வு ஆசிரியப் பணி, கணக்கர் பணி, புதுக்கோட்டையில் நீதிபதி எனச் சென்றது. அவருடைய பெயர் நிலைத்திருப்பதோ வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததற்காக. சம்பளம் தந்த வேலையும் வரலாறு நினைவில் வைத்த வேலையும் வேறு வேறாக இருப்பது இந்தத் தலைமுறையில் அடிக்கடி காணப்படுகிறது.

சி. வி. ராமன் இதற்குத் தெளிவான சான்று. மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. முடித்த அவர், அறிவியலில் அவ்வளவு திறன் இருந்தும், அதே ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். ஆய்வை வேலையாகக் கொண்டு வாழ்வதற்கான இடங்கள் அன்று இந்தியருக்கு ஏறக்குறைய இல்லை. அரசு உத்தியோகமோ உறுதியாக இருந்தது. பத்தாண்டு கழித்து, 1917-இல், அந்த அதிகாரப் பதவியை விட்டுக் குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியரானார். நோபல் பரிசு 1930-இல் வந்தது. பதவி ஏணியை மட்டும் பார்ப்பவருக்கு 1917 ஓர் இறக்கமாகத் தெரியும். அவர் வாழ்வின் உண்மையான திருப்பம் அந்த ஆண்டுதான்.

வாசல் ஒடுங்கியிருந்ததால் வெளியே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. சீனிவாச ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில், பி.ஏ.-வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டம் இல்லாததால் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் தந்தது. 1918-இல் அவர் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவரைக் கவனித்து, கைதூக்கிவிட ஆட்கள் இருந்தார்கள். அப்படி யாரும் வாய்க்காத, தேர்வில் தோற்ற மாணவர்களையும் சேர்த்து நினைத்தால்தான் "அந்தக் காலத்து பி.ஏ." என்ற பெருமையின் விலை என்னவென்று புரியும்.

இனி வரவு-செலவு. கூட்டுக் குடும்பத்தின் பணத்தில் படித்த ஒருவர் சம்பாதிப்பது அவருக்கு மட்டும் உரியதா, அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு உண்டா என்பது அன்று நீதிமன்றங்களில் கடுமையாக வாதிடப்பட்ட கேள்வி. 1921-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். என்ற உயர் ஆட்சிப் பணியில் சேர்ந்தவர் ஒருவரின் வருமானத்தைக் குடும்பத்தின் பொதுச் சொத்தாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த நிலையை மாற்றவே 1930-இல் இந்துக் கல்விவழி வருமானச் சட்டம் வந்தது. கல்வியால் ஈட்டியது, அக்கல்விக்குச் செலவழித்தவர் யாராக இருந்தாலும், ஈட்டியவருக்கே உரியது என்று அது வரையறுத்தது. சட்டம் அப்படிப் பிரித்துவிட்டது. வீடுகளில் வழக்கம் அப்படிப் பிரியவில்லை. பின்வந்த தலைமுறைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கலாகாது.

பெண்களின் வரிசை வேறு

படிப்பு, வேலை, திருமணம், வீடு, ஓய்வு என்று நாம் வழக்கமாக அடுக்கும் வாழ்க்கைக் கட்டங்கள் ஆண்களின் வாழ்வைப் பார்த்து அடுக்கியவை. பெண் பட்டதாரிகளின் வாழ்வில் அந்த வரிசை அப்படியே நடந்ததில்லை.

மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது 1875-இல். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் இடம் பெற்றுப் படித்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகித் துணைத் தலைவரானது, 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கியது, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டது என அவர் வாழ்வு நீள்கிறது. மருத்துவமனை தொடங்கியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வு வயதுக்குப் பிறகு வந்த அந்தச் சாதனை, பணிப்பதிவேட்டை மட்டும் புரட்டுபவர் கண்ணில் படவே படாது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களின் தொடக்கத்தில் மின்பொறியியல் படித்த அ. லலிதாவின் கதையில் வரிசை முழுவதும் தலைகீழாகிறது. பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கணவரின் இழப்பு, கையில் சில மாதக் குழந்தை. அதன் பிறகுதான் பொறியியல் படிப்பு. அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். அந்தப் பின்புலம் இருந்தும் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இடம் பெறத் தனி அனுமதி தேவைப்பட்டது. பின்னாளில் கல்கத்தாவில் பணியாற்றியபோது பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தித் தடங்களின் வடிவமைப்பில் பங்கேற்றார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்குச் சென்றார். எங்கே வேலை செய்வது என்பதை முடிவு செய்ததில், மகளை வளர்க்க உறவினர் துணை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கும் பங்கு இருந்தது. பெண்ணின் தொழில் வாழ்வை எழுதும்போது இந்தக் கேள்வியை அடிக்குறிப்பாகத் தள்ளக் கூடாது. அவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்குள்ளும் அது இருக்கிறது.

சென்னையில் பெண்களுக்கான வாசல் அகன்றது கல்லூரிகள் ஒன்றொன்றாகத் தோன்றியதால்: இராணி மேரி கல்லூரி 1914, பெண்கள் கிறித்துவக் கல்லூரி 1915, ஸ்டெல்லா மாரிஸ் 1947, எத்திராஜ் 1948. வடசென்னைப் பெண்களுக்கு பாரதி மகளிர் கல்லூரி 1964-இல்தான் வந்தது. இந்த ஐம்பதாண்டு இடைவெளி, நகரத்தின் எந்தப் பகுதியில் பிறந்தோம் என்பதும் ஒரு புறப்பாட்டுப் புள்ளிதான் என்பதைக் காட்டுகிறது.

அரசின் பார்வை மாறியதற்கு ஒரு திட்டத்தின் வரலாறே போதும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் 1989-இல் தொடங்கியது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால் அவளுடைய திருமணத்துக்கு உதவி என்பது அதன் அடிப்படை. பின்னர் பட்டம் பெற்ற பெண்ணுக்குக் கூடுதல் தொகையும் தாலிக்குத் தங்கமும் தரப்பட்டன. அதே அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று, மேலே சொன்ன பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் கையில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முன்பு உதவியைப் பெறும் தருணம் திருமணம். இப்போது கல்லூரிச் சேர்க்கை. தொகையைவிட இந்த இடமாற்றமே பெரிது.

நடுத் தலைமுறை: சர்வீஸ் கமிஷன், வங்கி, ஓய்வூதியம்

சுதந்திரத்துக்குப் பின் வாசலை அகலப்படுத்தியவை இரண்டு. ஒன்று, காமராசர் காலத்துப் பள்ளி விரிவாக்கமும் மதிய உணவும். மற்றொன்று, இடஒதுக்கீடு. 1921-இன் வகுப்புவாரி அரசாணையில் தொடங்கி, 1951-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது செல்லாதுபோய், அதன் விளைவாக அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, படிப்படியாக உயர்ந்து 69 சதவீதத்தை எட்டிய வரலாறு பலரும் அறிந்ததே என்பதால் இங்கே விரிக்கவில்லை.

வெளியே காத்திருந்த வேலைகள் பெரும்பாலும் பொதுத்துறையைச் சேர்ந்தவை: தலைமைச் செயலகம், ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1956-இல் உருவான எல்.ஐ.சி., 1969-இல் நாட்டுடைமையான 14 வங்கிகள். அந்தப் பதினான்கில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தேர்வுக்குப் படித்துக் காத்திருந்த கிராமத்து இளைஞர்கள்தாம் இந்தத் தலைமுறையின் முகம். இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள்.

இவர்களுடைய வாழ்க்கைக் கட்டங்களைப் பணிப்பதிவேட்டிலிருந்து எழுதினால் நியமனம், பணி நிரந்தரம், பதவி உயர்வு, ஓய்வு என்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். குடும்பத்திலிருந்து எழுதினால் வேறொரு பட்டியல் கிடைக்கும்: முதல் சம்பளத்தில் அப்பாவின் கடன், பிறகு தங்கை திருமணம், தம்பியைச் சென்னைக்கு அழைத்துவந்து கல்லூரியில் சேர்த்தது, ஊர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்க வாடகை வீட்டின் கூடத்தை விட்டுக்கொடுத்தது, இவையெல்லாம் முடிந்தபின், பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், புறநகரில் ஒரு மனை. 1930-இன் சட்டம் தனியுடைமை ஆக்கிய வருமானத்தை இவர்கள் மனமுவந்து மீண்டும் பொதுவாக்கினார்கள். தமிழ்நாட்டில் இன்று படித்தவர்கள் பெருகியிருப்பதற்கு அரசுத் திட்டங்கள் எந்த அளவு காரணமோ, இந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அந்த அளவு காரணம் என்றே நான் கருதுகிறேன். அவர்கள் எட்டிய பதவி இளநிலை உதவியாளர் என்பதோடு நின்றிருக்கலாம். அதை வைத்து அவர்களைச் சிறியவர்களாக எண்ணுவது பெரும் அநீதி.

இத்தலைமுறையின் நிம்மதிக்கு ஓய்வூதியம் ஒரு தூணாக இருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், ஊழியரின் சம்பளத்திலிருந்தும் பணம் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். அதே அலுவலகம், அதே பதவி. ஆனால் அப்பாவின் ஓய்வும் மகனின் ஓய்வும் ஒன்றல்ல.

கணினித் தலைமுறை: சம்பளத்தின் பாய்ச்சல்

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு மாநில அரசு அனுமதி தந்தது. பிற்காலத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐநூறைத் தாண்டியது. 1991-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலை ஆனது. கேம்பஸ் இன்டர்வியூ, ஆன்சைட் என்ற வெளிநாட்டுப் பணி, இருபதுகளிலேயே வங்கிக் கடனில் ஃபிளாட் எனக் கட்டங்கள் முன்னே நகர்ந்தன. ஓய்வுபெறும் தந்தையின் கடைசிச் சம்பளத்தை மகளின் தொடக்கச் சம்பளம் தாண்டிய வீடுகள் ஏராளம்.

இங்கே செலவின் கணக்கும் மாறியது. 2001-இல் வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம், நான்கு லட்சம் ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெற வழி செய்தது. முந்தைய பட்டதாரியின் கடன் குடும்பத்துக்கு. இவருடைய கடன் வங்கிக்கு, அதுவும் தவணைத் தேதியோடு. வேலை கிடைக்கத் தாமதமானால் திருமணமும் மேற்படிப்பும் தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்: விதி சொல்வது என்ன?

தமிழ்நாடு அரசு 2010-இல் கொண்டுவந்த கட்டணச் சலுகையே இச்சான்றிதழின் பிறப்பிடம். குழப்பம் தரும் இடங்கள் இவை:

1. பெற்றோர் மட்டும் பட்டதாரி இல்லாதிருந்தால் போதாது. இருவழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரின் கல்வித் தகுதியையும் உறுதிமொழியில் தெரிவிக்க வேண்டும். ஆகவே அம்மா வழித் தாத்தாவின் பட்டமும் கணக்கில் வரும்.

2. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே சலுகை. அக்கா பயன்படுத்திப் பட்டம் பெற்றுவிட்டால் தம்பி இரண்டாவது பட்டதாரி.

3. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவருக்கே கல்விக் கட்டணச் சலுகை பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பொருந்தாது.

4. சான்றிதழை வழங்குவது வருவாய்த் துறை; இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம்.

சாதி, மதிப்பெண் இவற்றோடு, குடும்பத்துக்குள் பட்டம் நுழைந்த வரிசையையும் அரசு ஓர் அளவாக ஏற்றுக்கொண்டது இதன் சிறப்பு. அதன் குறையும் இரண்டாம் விதியிலேயே இருக்கிறது: தலைமகன் பொறியாளரானதும் அந்த வீட்டின் வறுமை ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை.

அப்படியானால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா?

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் 28.4. ஏறக்குறைய இருவரில் ஒருவர் கல்லூரிக்குப் போகும் சமூகத்தில், பட்டம் தன்னளவில் யாரையும் தனித்துக் காட்டாது. பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4 தேர்வைப் பட்டதாரிகள் பெருமளவில் எழுதுவதும் இதன் விளைவே.

பட்டதாரிகளிடையே வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்ற செய்தியையும் கவனமாகப் படிக்க வேண்டும். வேலையின்மை என்பது வேலையில்லாமல் இருப்போர் அனைவரையும் குறிப்பதில்லை; வேலை தேடிக்கொண்டும் அதற்குத் தயாராகவும் இருப்போர், உழைப்பாளர் தொகையில் (வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்தது) எத்தனை பங்கு என்பதே அந்த விகிதம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்குக் காத்திருக்க வசதி இல்லை. கிடைத்த கூலி வேலையை மறுநாளே ஏற்பதால் அவர் வேலையற்றோர் கணக்கில் சேர்வதில்லை. பட்டதாரி, படிப்புக்கேற்ற வேலைக்காகச் சில காலம் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு வேதனையானது, அதைக் குறைப்பது அரசின் கடமை. ஆனாலும் அதிலிருந்து "படிக்காமலே இருந்திருக்கலாம்" என்ற முடிவுக்கு வருவது தவறான கணக்கு.

அந்தக் காலத்து பி.ஏ.-வின் மதிப்பில் ஒரு பகுதி படிப்பால் வந்தது; மற்றொரு பகுதி, படிக்க விடாமல் மற்றவர்கள் நிறுத்தப்பட்டதால் வந்தது. இப்போது குறைந்திருப்பதில் பெரும்பகுதி பின்னதே. அதற்காக வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது கற்பித்தலின் தரம் குறைந்த இடங்களைப் பற்றித்தான். அங்கே பணமும் நான்கு ஆண்டுகளும் இழப்பவர்கள் பெரும்பாலும் முதல் பட்டதாரிகளே.

அளவுகோல் எங்கே பிசகுகிறது?

2016 முதல் வெளியாகும் கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை, பட்டதாரிகளின் விளைவுகளை அளக்கும்போது வேலைவாய்ப்பு, மேற்படிப்பு ஆகியவற்றோடு இடைநிலை ஊதியத்தையும் (ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கணக்கில் எடுக்கிறது. பெண்கள், பொருளாதாரத்தில் நலிந்தோர் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. ஆனால் நலிந்த பின்னணியிலிருந்து வந்த அதே மாணவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அளவு அதில் இல்லை. பொறியாளரின் மகளைப் பொறியாளராக்கிய கல்லூரியும், ராயபுரத்து மீனவரின் மகளைப் பொறியாளராக்கிய கல்லூரியும், சம்பளம் ஒன்றாக இருந்தால், பட்டதாரிகளின் விளைவுக்கு ஒரே மதிப்பெண் பெறும். கல்லூரிகள் வெளியிடும் வெள்ளிவிழா மலர்களும் முன்னாள் மாணவர் பதிவேடுகளும் இப்படியே பதவி, நிறுவனம், விருது என்று கேட்கின்றன. வீட்டின் முதல் பட்டதாரியா, யாரைப் படிக்கவைத்தீர்கள் என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இதைத் திருத்துவதற்கான தரவு ஏற்கெனவே இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ்கள் வருவாய்த் துறையிடமும், சேர்க்கை விவரங்கள் கலந்தாய்வுப் பதிவுகளிலும் உள்ளன. 2010-இல் இச்சலுகையில் சேர்ந்தவர்கள் 2014-இல் பட்டம் பெற்று, இப்போது முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தம் துறையில் வேலை செய்கிறார்கள், கல்விக் கடனை எப்போது அடைத்தார்கள், உடன்பிறந்தோரில் எத்தனை பேர் பின்தொடர்ந்து கல்லூரிக்குப் போனார்கள், பெண்களில் எத்தனை பேர் குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்பினார்கள் என்பதை, பெயர்களை மறைத்து, இவ்விரு பதிவுகளையும் இணைத்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் அறியலாம். உயர்கல்வித் துறை அதை நடத்த வேண்டும். அதன் முடிவுகள் தமிழில் வெளிவர வேண்டும்.